சிவப்பு வண்டியும் சுத்தமான முட்டியும்

முப்பத்தொரு வருடம் அடுத்தவர் வாங்கப்போகிற பழைய பைக்கைப் பார்த்து, இது தேறும், இது தேறாது என்று எழுதிக் கொடுத்துச் சம்பளம் வாங்கியவன் நான். வேலை போன நூறாவது நாள் எனக்கென்று ஒரு பழைய ஸ்போர்ட்ஸ் பைக் வாங்கினேன். அதில் நான் சரியாகப் பார்த்தது ஒன்றே ஒன்றுதான். நிறம். சிவப்பு. அதுவும் மேலே அடித்த பெயின்ட் என்று பிறகு தெரிந்தது.

இதைவிடக் கேவலமான இன்னொன்றையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். வேலையில் இருந்தவரை எனக்குக் கியர் வண்டி ஓட்டத் தெரியாது. முதலில் மொபெட், அதற்குப் பிறகு ஸ்கூட்டர். சோதனைக்குப் போனால் விற்கிறவரையே ஓட்டச் சொல்லிவிட்டு நான் பின்னால் நின்று பார்ப்பேன். அதுதான் முறை என்று ஆபீஸில் நம்பினார்கள். உண்மையில் முறையும் அதுதான். முன்சக்கரமும் பின்சக்கரமும் ஒரே கோட்டில் போகிறதா என்பது பின்னால் நிற்கிறவனுக்குத்தான் தெரியும். என் பயமும் கம்பெனி நடைமுறையும் அப்படி ஒன்றாகப் பொருந்தியது என் அதிர்ஷ்டம்.

இரண்டையும் மறைத்துவிட்டுத்தான் எழுத நினைத்தேன். பிரவீன் விடவில்லை. என்னோடு எட்டு மாதம் வேலை பழகியவன், இப்போது மதுரை ஆபீஸில் உட்கார்ந்து, கம்பெனி ஆப்பில் வருகிற போட்டோக்களைப் பார்த்துப் பழைய வண்டிகளுக்கு லோன் பாஸ் செய்கிறான். போன மாதம் போன் செய்தான்.

"அண்ணே, நீங்க நேர்ல போயி என்ன பாத்தீக, எப்படிப் பாத்தீகன்னு எழுதிக் குடுங்க. இங்கன புதுசா சேந்தவுகளுக்கு எதுவுமே தெரியல."

"உனக்குத் தெரியுமாடா?"

"அதுக்குத்தாண்ணே கேக்குறேன். அந்தச் சிவப்பு வண்டியப் பத்தியும் எழுதுங்க. அத விட்டுட்டு எழுதுனா எவனும் நம்பமாட்டான்."

சரி, எழுதுகிறேன். கோபத்தோடுதான் எழுதுவேன். பிடிக்காதவர்கள் வழக்கம்போல போட்டோ பார்த்துக்கொள்ளலாம்.

வேலைக்கு வந்த கதை சின்னது. தேனியில் பெண்டு எடுக்கிற பட்டறை ஒன்றில் மூன்று வருடம் இருந்தேன். விபத்தில் வளைந்த பிரேமையும், முன்சக்கரத்தைப் பிடித்திருக்கிற போர்க்கையும் நிமிர்த்துகிற இடம். அங்கே எந்த வண்டியும் ஓடி வராது, எல்லாம் மினி லாரியில்தான் வரும். சில வண்டிகளில் செருப்பு ஒன்று மட்டும் மாட்டிக்கொண்டு வரும். அந்த மூன்று வருடத்தில் எனக்கு வண்டியின் எலும்பு முழுக்கத் தெரிந்தது, ஓட்டுகிற ஆசை முழுக்கப் போனது. பழைய வண்டிக்குக் கடன் கொடுக்கிற பைனான்ஸ் கம்பெனி ஒன்று, வண்டியை நேரில் பார்த்து ரிப்போர்ட் எழுத ஆள் தேடியது. போய்ச் சேர்ந்தேன்.

கிளை மேனேஜர் எஸ்தர் மேடம். போடியில் ஜவுளிக்கடை வைத்திருந்த குடும்பம். பைக்கில் பின்னால்கூட உட்கார்ந்ததில்லை என்பார். நான் ரிப்போர்ட்டைக் கொண்டுபோய் மேசையில் வைத்தால் அதைத் தொடமாட்டார். மூக்குக்கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கி, மேசையைத் தாண்டி எட்டி, என் பேன்ட் முட்டியைப் பார்ப்பார்.

"ராசு, முட்டி சுத்தமா இருக்கே."

"ஆமா மேடம், இன்னிக்குத்தான் துவைச்சது."

"போயிட்டு வாங்க."

அவ்வளவுதான். கம்பத்துக்கோ கூடலூருக்கோ மறுபடி பஸ் ஏற வேண்டும். மண்டி போடாமல் வண்டி பார்க்க முடியாது என்று அவருக்கு யார் சொன்னார்கள் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. ஆனால் அது உண்மை. நின்றுகொண்டு பார்த்தால் வண்டியில் தெரிவது எல்லாம் கழுவித் துடைத்து வைத்த இடங்கள்தான்.

இரண்டாம் மாதமே நான் புத்திசாலி ஆனேன். ஆபீஸ் படி ஏறுவதற்கு முன் ரோட்டோரம் கொஞ்சம் மண்ணை எடுத்து முட்டியில் தேய்த்துக்கொண்டேன். மேடம் எட்டிப் பார்த்தார்.

"ரெண்டு முட்டியிலயும் ஒரே அளவா இருக்கு. வண்டியப் பாத்தீகளா, முழங்கால் போட்டு ஜெபம் பண்ணீகளா?"

வண்டி பார்க்கிறவன் வலது முட்டியை மட்டும்தான் ஊன்றுவான். இடது காலில் பாதம் ஊன்றியிருக்கும். மறுபடி பஸ். அதற்குப் பிறகு நான் ஏமாற்றவில்லை. நல்லவன் ஆனதால் இல்லை, பஸ்ஸில் நின்றுகொண்டே போக முடியாததால்.

பார்க்கிற முறையைச் சொல்கிறேன். முதலில் பேசக் கூடாது. விற்கிறவர் 'வாங்க சார்' என்று கை நீட்டினால் அந்தக் கையைக் குலுக்குவதற்கு முன் நம் கை என்ஜின் மேல் போக வேண்டும். குளிர்ந்திருக்க வேண்டும். சூடாக இருந்தால், நாம் வருவதற்கு முன்பே ஸ்டார்ட் செய்து வைத்திருக்கிறார் என்று அர்த்தம். ஆறிய என்ஜின் சுலபமாக ஸ்டார்ட் ஆகாது என்பதை மறைக்கிறார். ஒன்றும் சொல்லாமல் திரும்பி வந்துவிட வேண்டும். மறுநாள் சொல்லாமல் போக வேண்டும்.

கம்பத்தில் ஒருவர் இதையும் தெரிந்து வைத்திருந்தார். காலை பத்து மணி வெயிலில் நிற்கிற வண்டி. கை வைத்தால் குளத்துத் தண்ணீரில் கை வைத்ததுபோல் ஜில்லென்று இருக்கிறது. கீழே குனிந்து பார்த்தேன். மண் ஈரம். ஸ்டார்ட் செய்துவிட்டு என்ஜின் மேல் ஒரு குடம் தண்ணீர் ஊற்றியிருக்கிறார்.

"கழுவினீகளா?"

"ஆமா சார். நீங்க வர்றீகன்னு."

"என்ஜின மட்டும் கழுவியிருக்கீக. சீட்டுல தூசி அப்படியே இருக்கே."

அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "இப்படிச் சந்தேகப்படுறீகளே, வீட்ல சம்சாரத்தையும் இப்படித்தான் தொட்டுத் தொட்டுப் பாப்பீகளா?"

"அவுகதான் என்னயப் பாப்பாக. நான் கம்முன்னு நிப்பேன்," என்றேன். மறுநாள் காலை ஆறரை மணிக்குப் போய் அவர் வீட்டு வாசலில் நின்றேன். கால் மணி நேரம் உதைத்தார். வண்டி இருமக்கூட இல்லை.

அடுத்தது பென்சில். பிரேமில் பொறித்திருக்கிற நம்பரின் மேல் வெள்ளைப் பேப்பரை வைத்துப் பென்சிலைச் சாய்த்துத் தேய்த்தால் நம்பர் அப்படியே ஏறிவரும். எஸ்தர் மேடம் அந்தப் பேப்பரை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, கட்டைவிரலால் ஒரு இழுப்பு இழுப்பார். விரல் கறுக்க வேண்டும். "ஜெராக்ஸ்ல கரி ஒட்டாது ராசு," என்பார். நான் ஒருநாளும் ஜெராக்ஸ் கொடுத்ததில்லை. ஆனாலும் ஒவ்வொரு தடவையும் இழுத்துப் பார்த்தார். ரிட்டயர் ஆகிற கடைசி நாள்கூட.

கடைசியாக ஸ்டாப்பர். இதற்குத்தான் முட்டி. ஹேண்டிலைக் கடைசிவரை திருப்பினால் ஓரிடத்தில் 'டொக்' என்று நிற்கும் அல்லவா, அங்கே பிரேமோடு சேர்ந்து கட்டைவிரல் நுனி அளவுக்கு ஒரு இரும்பு முளை இருக்கும். அதுதான் ஹேண்டிலை நிறுத்துகிறது. முன்னால் மோதிய வண்டியில் அந்த முளை நசுங்கும், இல்லையென்றால் உடையும். விளக்கை மாற்றலாம், டாங்க்கை மாற்றலாம். ஸ்போர்ட்ஸ் பைக்கில் மேலே போர்த்தியிருக்கிற பிளாஸ்டிக் அத்தனையையும் மாற்றிப் புது மாப்பிள்ளையாக்கலாம். முளையை மாற்ற முடியாது. வெல்டிங் வைத்து ஒட்டி, பெயின்ட் அடிக்கலாம். அப்படி ஒட்டியிருந்தால் பிரேமின் கழுத்தே அடி வாங்கியிருக்கிறது என்று அர்த்தம். முன்சக்கரத்துக்குப் பக்கத்தில் வலது முட்டியை ஊன்றி, டார்ச்சை மேல்நோக்கி அடித்தால் தெரியும். வேறு எப்படிப் பார்த்தாலும் தெரியாது.

இதை வைத்துத்தான் ஜெயமங்கலம் பெருமாள்சாமியின் வண்டியை நிறுத்தினேன். மாந்தோப்புக்காரர். என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். ஒரு பழைய பைக்கைப் பிடித்துப் போய்விட்டது. நான் பார்க்கப் போன அன்றே வீரபாண்டி கோயிலுக்குப் போய்ப் பூஜை போடுவதாக ஏற்பாடு. கையில் மாலையும் எலுமிச்சம்பழமுமாக நிற்கிறார். ஸ்டாப்பர் ஒட்டு. தேறாது என்று எழுதினேன்.

"மால வாங்கிட்டேன். பழம் வாங்கிட்டேன். ஆத்தாட்ட வேண்டிட்டேன். நடுவுல நீ யாருய்யா?"

"லோன் குடுக்குற ஆளுய்யா."

வாங்கிய மாலையை வீட்டுக்குத் திருப்பிக் கொண்டுபோகக் கூடாது என்று, வெறுப்போடு என் மொபெட்டுக்குப் போட்டுவிட்டுப் போனார். தேனி பஜார் வழியாக மாலை போட்ட மொபெட்டில் நான் வந்தேன். யார் செத்தது என்று இரண்டு பேர் விசாரித்தார்கள்.

அந்த வண்டியை வேறு ஒருவர் ரொக்கத்துக்கு வாங்கினார். மூன்று மாதத்தில் தேவதானப்பட்டிக்குப் பக்கத்தில் ஒரு திருப்பத்தில் திரும்பிய ஹேண்டில் திரும்பியபடியே மாட்டிக்கொண்டது. தோள்பட்டை எலும்பு போயிற்று. பெருமாள்சாமி ஒரு பை மாம்பழத்தோடு ஆபீஸுக்கு வந்தார். மேடம் பையைத் திறக்காமலேயே திருப்பிக் கொடுத்தார். "மன்னிச்சுக்கங்க. பழம் தின்ன வாய் அடுத்த வண்டிக்கு வேற மாதிரி பேசும்," என்றார். நல்ல கல்லாமை மாம்பழம். எனக்கு அந்த வருத்தம் இன்னும் இருக்கிறது.

மேடம் ரிட்டயர் ஆனார். அதற்கப்புறம் ஆப் வந்தது. விற்கிறவரே தன் போனில் பன்னிரண்டு போட்டோ எடுத்து அனுப்ப வேண்டும். முன்னால், பின்னால், பக்கவாட்டில், மீட்டர், சீட், டயர் என்று. பன்னிரண்டும் நின்றுகொண்டு எடுக்கிற போட்டோ! மதுரையில் இருப்பவர்கள் பார்ப்பார்கள். பச்சை டிக் விழும். நான் மீட்டிங்கில் எழுந்து கேட்டேன். "திருடன்கிட்டயே வீட்ட போட்டோ எடுத்து அனுப்பச் சொல்றீகளே, இது என்ன நியாயம்?" எல்லோரும் சிரித்தார்கள். நான் எதைச் சொன்னாலும் ஜோக் என்று சிரிக்கிற பழக்கத்தை நானே அங்கே வளர்த்து வைத்திருந்தேன். அந்த வருடமே நேரில் போய்ப் பார்க்கிற வேலையை மூடினார்கள். எனக்கு ஐம்பத்து நாலு வயது. சால்வை போட்டு, விருப்ப ஓய்வு என்று பேப்பர் கொடுத்தார்கள். யார் விருப்பம் என்று பேப்பரில் இல்லை.

இனி என் கதை.

வேலை போனவன் வீட்டில் உட்கார்ந்தால் என்ன தோன்றும்? எனக்கு மேகமலை தோன்றியது. எஸ்டேட்காரர்களின் பழைய பைக்குகளைப் பார்க்கச் சின்னமனூரிலிருந்து எத்தனையோ தடவை அந்த வளைவுகளில் பஸ்ஸில் ஏறியிருக்கிறேன். ஜன்னலுக்கு வெளியே ஸ்போர்ட்ஸ் பைக்கில் சாய்ந்து சாய்ந்து போகிறவர்களைப் பார்த்து, 'போங்கடா, பட்டறைக்குத்தான் வருவீக' என்று முணுமுணுத்தவன்தான். அதே நான் எல்.எல்.ஆர். போட்டேன். கியர் லைசென்சுக்கு இரண்டு தடவை பெயிலாகி மூன்றாவது தடவை பாஸ் ஆனேன். பாஸ் ஆன வாரமே ஸ்போர்ட்ஸ் பைக்தான் வேண்டும் என்று கிளம்பினேன். "படிக்கட்டு ஏறுனா மூச்சு வாங்குது. இதுல ரேஸ் வண்டியா?" என்று என் மனைவி கேட்டாள். படிக்கட்டில் கியர் இல்லை என்றேன்.

கம்பம் ரோட்டில் வேல்முருகன் என்று ஒரு புரோக்கர். பழைய வண்டிகளை வாசலில் வரிசையாக நிறுத்தியிருப்பான். அன்றைக்கு ஒரு நிச்சயதார்த்தத்துக்குப் போய்விட்டு, புதுப் பேன்ட், சந்தன நிறம், அப்படியே அவன் கடையில் இறங்கினேன்.

"அண்ணே! வாங்கண்ணே! எலேய், இன்ஸ்பெக்டர் அண்ணனுக்கு சேர் போடு! இளநி வெட்டு!"

முப்பத்தொரு வருடத்தில் விற்கிறவன் போட்ட நாற்காலியில் நான் உட்கார்ந்ததே இல்லை. அன்றைக்கு உட்கார்ந்தேன். சுற்றிலும் நாலு பேர், வண்டி வாங்க வந்தவர்கள். "அண்ணன் பாத்த கண்ணுக்குத் தப்புன வண்டி இந்த ஜில்லாவுலயே கெடையாது. அண்ணன்ட்ட நாம என்ன சொல்றது? அவுகளே சொல்லட்டும்," என்றான் அவர்களிடம். நாலு பேரும் என்னையே பார்க்கிறார்கள். இந்தப் பேச்சைக் கேட்ட பிறகு சந்தன நிறப் பேன்ட்டோடு மண்ணில் மண்டி போட்டுத் தேடினால் என் கண்ணுக்கு என்ன மரியாதை? இளநீரை உறிஞ்சிக்கொண்டே, உட்கார்ந்த இடத்திலிருந்தே பார்த்தேன். சிவப்பு. பளபளப்பு.

போகும்போது என்ஜினில் கை வைத்தேன். சூடு. என் கைக்குத் தெரிந்தது. 'வெயிலில் நின்றிருக்கும்' என்று சொன்னது வேல்முருகன் இல்லை. நான்தான். எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அந்தச் சாமர்த்தியத்தை நினைத்தால்தான் இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது. இத்தனை வருடம் எத்தனையோ பேர் சொல்லி நான் நம்பாத பொய்யை, நான் சொன்னதும் நம்பிவிட்டேன்.

ஸ்போர்ட்ஸ் பைக்கில் உட்காருவது என்பது உட்காருவது இல்லை. வயிறு டாங்க்கில், முகம் மீட்டரில், பின்பக்கம் வானத்தில். பத்து நாள் காலை வேளையில் மைதானத்தில் சுற்றினேன். ஹேண்டில் இடதுபக்கம் லேசாக இழுத்தது. புதுசாக ஓட்டுகிறவனுக்கு அப்படித்தான் இருக்கும் என்று அதற்கும் நானே சமாதானம் சொன்னேன். பதினோராம் நாள் மேகமலைக்குக் கிளம்பினேன். சின்னமனூர்கூடப் போய்ச் சேரவில்லை. வழியில் டீக்கடைக்காக வண்டியைத் திருப்பினேன். ஹேண்டில் நிற்க வேண்டிய இடத்தில் நிற்காமல் இன்னும் இரண்டு விரல்கடை போயிற்று. என் இடது கட்டைவிரல் டாங்க்குக்கும் ஹேண்டிலுக்கும் நடுவில் மாட்டியது. கையை எடுக்கவும் முடியவில்லை, கிளட்ச்சைப் பிடிக்கவும் முடியவில்லை. பக்கத்தில் லாரிக்காக அடுக்கி வைத்திருந்த வாழை இலைக் கட்டின் மேல் வண்டியோடு சரிந்தேன்.

"ஏலே, பெருசு கவுந்துருச்சு, ஓடியாங்க!"

விழுந்ததுகூட வலிக்கவில்லை. அந்தப் 'பெருசு' வலித்தது. தூக்க வந்த ஒருவர், "தாத்தா, பேரன் வண்டியா?" என்று கேட்டார்.

அவர்கள் தூக்குவதற்குள் ஒரு நிமிடம் வண்டிக்கு அடியில் கிடந்தேன். என் மூக்குக்கு நேரே முன்சக்கரம். அதற்கு மேலே ஸ்டாப்பர். பாதி உடைந்த முளை, அதைச் சுற்றி எறும்புப் புற்றுபோல வெல்டிங், மேலே கறுப்புப் பெயின்ட். வாங்கிய பிறகு முதல் தடவையாக என் வண்டியைச் சரியான இடத்திலிருந்து பார்த்தேன்.

வண்டியை மினி லாரியில் ஏற்றிக்கொண்டு, விரலில் கட்டோடு வேல்முருகனிடம் போனேன். தொண்டை கிழியக் கத்தினேன். அவன் அசையவில்லை.

"நீங்க பாக்காததா அண்ணே? நான் ஏதாவது மறைச்சேனா? சேர் போட்டேன், இளநி குடுத்தேன். நீங்கதான் எந்திரிக்கல."

ஒவ்வொரு வார்த்தையும் உண்மை.

"வெளிய சொன்னா அசிங்கம் யாருக்கு? விடுங்க. வண்டிய இங்கன நிறுத்திட்டுப் போங்க. வேற பார்ட்டி பிடிச்சுத் தள்ளிவிட்டுருவோம். உங்க பழைய கம்பெனி லோன்தான். பன்னெண்டு போட்டோ. ஒரு பய வந்து பாக்க மாட்டான்."

இங்கே நான் 'முடியாது' என்று சொன்னதாக எழுதினால் நன்றாக இருக்கும். 'பாரு' என்று சொல்லிவிட்டு பஸ் ஏறி வீட்டுக்கு வந்தேன். அதுதான் நடந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை கூப்பிட்டான். பார்ட்டி வருகிறது, லோன் பாஸ் ஆகிவிட்டது, ஆர்.சி. என் பெயரில் இருப்பதால் கையெழுத்துக்கு வர வேண்டும். "நீங்க ஒண்ணும் பேச வேண்டாம்ண்ணே. சும்மா உக்காந்திருங்க, போதும்." மறுபடி அதே நாற்காலி.

ஆட்டோவிலிருந்து இறங்கியது பெருமாள்சாமி. கூடவே அவர் மகள். சுகன்யா என்று பெயர். தேனியில் ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ். கையில் புது ஹெல்மெட், சுற்றியிருந்த பிளாஸ்டிக் கவர்கூடப் பிரிக்கவில்லை. வண்டி வாங்குவதற்கு முன்னாலேயே ஹெல்மெட் வாங்கிய ஆளை என் சர்வீஸில் நான் பார்த்ததில்லை.

பெருமாள்சாமிக்கு என்னைப் பார்த்ததும் முகமெல்லாம் பல். "அட, ராசு சாரு வண்டியா! முன்னாடியே சொல்லியிருந்தா நேத்தே வந்திருப்பேனே. சுகன்யா, நான் சொல்லுவேன்ல, மாலைய மொபெட்டுக்குப் போட்டேன்னு, அவுகதான் இவுக."

"இன்ஸ்பெக்டர் அண்ணன் சொந்தத்துக்கு வச்சிருந்த வண்டி," என்றான் வேல்முருகன். "இதுக்கு மேல என்ன கேரண்டி வேணும்?"

"வேணாம், வேணாம். இவுக வச்சிருந்தா நாங்க பாக்கவே வேணாம்," என்றார் பெருமாள்சாமி.

அந்தப் பெண் வண்டியைச் சுற்றி வந்தாள். "ஸ்கூட்டி வாங்கு ஆத்தான்னு சொன்னேன் சார். இதுதான் வேணுமாம்," என்றார் அவர். "புடிச்சிருக்குப்பா," என்றாள் அவள், திரும்பாமலேயே. கியர் லைசென்ஸ் முதல் தடவையிலேயே பாஸ் செய்தாளாம். தினமும் ஜெயமங்கலத்திலிருந்து தேனிக்கு. காலை ஷிப்ட் ஆறு மணிக்கு. அந்த நேரத்தில் மெயின் ரோட்டில் பஸ்களும் தக்காளி லாரிகளும் எப்படி வரும் என்று எனக்குத் தெரியும்.

டீ வந்தது. வாங்கிக் குடித்தேன். என் கட்டைவிரலில் தையல் போட்ட தழும்பு. டம்ளரை அந்த விரல் தெரியாதபடி பிடித்திருந்தேன். வேல்முருகன் போனைத் தூக்கிக் காட்டினான். பன்னிரண்டு போட்டோ, பன்னிரண்டிலும் பச்சை டிக். கீழே, பார்த்து ஒப்புதல் கொடுத்தவர் பெயர். பிரவீன். முட்டி என்றால் என்ன என்று நான் எட்டு மாதம் சொல்லிக் கொடுத்த பிரவீன்! பன்னிரண்டிலும் வண்டி அழகாக இருந்தது. என்ன செய்வான் பாவம், அவனையும் நாற்காலியில் அல்லவா உட்கார வைத்திருக்கிறார்கள்.

டீ தீர்ந்தது. வேல்முருகன் பேப்பரை நீட்டினான். சுகன்யா வண்டியில் ஏறி உட்கார்ந்தாள். டாங்க்கில் கையை வைத்து ஒரு தடவை தடவினாள். பிறகு ஹேண்டிலை இடதுபக்கம் மெதுவாகத் திருப்பினாள். கட்டைவிரல் டாங்க்குக்குப் பக்கத்தில் போகிறது. இன்னும் இரண்டு விரல்கடை.

"இறங்கும்மா," என்றேன்.

என் குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது. எழுந்து போய், வண்டிக்கு முன்னால் வலது முட்டியை ஊன்றினேன். டார்ச் இல்லை, போன் வெளிச்சத்தை அடித்தேன். "இங்கன வந்து உக்காந்து பாரு. நிக்காத, உக்காரு." உட்கார்ந்தாள். பெருமாள்சாமியும் வேட்டியை மடித்துக்கொண்டு உட்கார்ந்தார். உடைந்த முளையைக் காட்டினேன். ஒட்டைக் காட்டினேன். என் கட்டைவிரலைக் காட்டினேன். வாழை இலைக் கட்டையும் சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை.

"அண்ணே, என்னண்ணே பண்றீக? உங்க வண்டிண்ணே! உங்க காசுண்ணே!" என்றான் வேல்முருகன். "கையெழுத்துப் போட வந்துட்டு இப்படிக் கவுத்துறீகளே, நீங்கள்லாம் ஒரு மனுசனா?"

"நீ போட்டோ எடுக்கும்போது இதையும் எடுத்து அனுப்பியிருக்கலாம்ல?"

"அவங்க கேட்டது பன்னெண்டு. பதிமூணாவது எவனும் கேக்கல!"

அவன் சொன்னதிலேயே இதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. ஏனென்றால் அதுவும் உண்மை. புதுசாக ஓட்ட வருகிற ஒரு ஆளின் கழுத்து அந்தப் பதிமூன்றாவது போட்டோவில் இருக்கிறது. அதைக் கேட்க ஒருவருக்கும் தோன்றவில்லை. விற்கிறவனுக்குக் காட்ட இஷ்டமில்லை. பார்க்கிறவர்களுக்கு மண்டி போட வேலையில்லை. சம்பளம் மட்டும் எல்லோருக்கும் வருகிறது. பிரவீன், இதைச் சத்தமாகப் படித்துக் காட்டு. ஸ்டாப்பர் போட்டோ இல்லாமல் டிக் போடாதீர்கள். கம்பெனி ஒத்துக்கொள்ளாவிட்டால், டிக் போட்டவர் பெயரை வண்டியின் டாங்க்கில் எழுதி அனுப்பச் சொல்லுங்கள். அப்போது மண்டி போட்டுப் பார்ப்பார்கள்.

அந்த வண்டி இப்போது இல்லை. யாரும் இன்னொரு தடவை பெயின்ட் அடித்து விற்க முடியாதபடி பிரேமை என் முன்னாலேயே இரண்டாக வெட்டச் சொன்னேன். பழைய பட்டறையில்தான். அங்கே இருந்தவர்களிடம் யாருடைய வண்டி என்று சொல்லவில்லை.

ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை இன்னும் முடியவில்லை. அப்பாவும் மகளும் பஸ் ஸ்டாப்புக்கு நடந்தார்கள். நானும் பின்னாலேயே போனேன். எதற்குப் போனேன்? நல்ல வார்த்தை ஒன்று கிடைக்கும் என்றுதான். பெருமாள்சாமி நின்று, இரண்டு கையாலும் என் கையைப் பிடித்துக்கொண்டார். "ரெண்டாந்தடவ காப்பாத்திட்டீக சார்," என்றார். இதற்குத்தான் வந்தேன் என்று நெஞ்சு நிமிர்ந்தது. பேன்ட் முட்டியில் மண் இருந்தது. வலது முட்டியில் மட்டும்.

சுகன்யா ஹெல்மெட்டை இடுப்பில் அணைத்தபடி என்னைப் பார்த்துச் சொன்னாள்: "எங்கப்பாவுக்கு உங்கள ரொம்பப் பிடிக்கும் சார், அதான் இப்படிச் சொல்றாக. காப்பாத்தணும்னு இருந்தா நாங்க ஆட்டோவுல இருந்து எறங்குனதும் சொல்லியிருப்பீக. டீய முழுசாக் குடிச்சு முடிச்சுட்டுத்தான சொன்னீக."